பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்

எனக்கு எழுத்துப்பிழை பிடிக்காது. அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்கள் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, அதை யதுர்ஷா நோர்வேஜிய மொழியில் சொல்ல, நீங்கள் அதைக் கணினியில் தட்ட, கடைசியில் என் வாயில் வராத வசனமெல்லாம் என் தலையில் வந்து விழும். மொழிபெயர்க்கும் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழ் கதைப்பதைக் கேட்டால் எங்கள் சங்கத்துப் பேச்சாளர்கள் சிலர் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே அவர் ‘குடும்பஸ்தர்’ என்ற சொல்லில் தடக்கியதை நான் கவனித்தேன். குடும்பம் உள்ள ஆண் என்று உங்களுக்குச் சொன்னார். ஒருவருக்குக் குடும்பம் இருப்பது எப்படிச் செய்தியாகும் என்று நீங்கள் கேட்டீர்கள். அதற்கும் இதில் பதில் எழுதுகிறேன்.

என் பெயர் குகதாசன். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில், ரயில் பாதை முடிகிற இடத்தில், ஒரு மாடிக் கட்டடத்தில் நானும் மனைவி சிவகாமியும் இருக்கிறோம். முதுகு வலி வந்து பஸ் ஓட்டும் வேலையை விட்ட பிறகு ‘பனிமுரசு’ என்ற இணையச் செய்தித்தளத்தை நடத்துகிறேன். ஆசிரியர், நிருபர், படப்பிடிப்பாளர், மரண அறிவித்தல் பொறுப்பாளர் எல்லாம் நான்தான். சிவகாமி எழுத்துப்பிழை பார்ப்பார் என்று தளத்தில் போட்டிருக்கிறேன். அவர் பார்ப்பதில்லை.

உங்கள் கேள்வி ‘ஒருவர்’ என்ற சொல்லைப் பற்றியது. இப்போது உங்கள் பொலிஸ் தடுப்பில் இருக்கும் லதீசனின் கைத்தொலைபேசியில் என் செய்திகள் நிறைய இருந்தன. யதுர்ஷா அவற்றை மொழிபெயர்த்துத் தந்தபோது எல்லாவற்றிலும் ஒரு ‘ஒருவர்’ இருந்தார். யார் அந்த ஒருவர் என்று கேட்டீர்கள். வெஸ்ட்லித் தமிழர் எல்லாரும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்ட கேள்விதான் அது.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். வீட்டில் ‘ஒருத்தர் வந்தவர்’ என்று சொன்னால், வந்தது ஓர் ஆள், அவ்வளவுதான். செய்திக்குள் நுழைந்ததும் அந்தச் சொல் உடுப்பு மாற்றிக்கொள்கிறது. ‘சர்வதேச அரசியலைக் கூர்ந்து நோக்கும் ஒருவர் கருத்துத் தெரிவிக்கையில்’ என்று நான் எழுதினால் அவர் எனக்குத் தலைமயிர் வெட்டுகிறவர். கத்தரிக்கோல் அவர் கையில் இருக்கும்போது அவர் சொல்லும் எதையும் நான் மறுப்பதில்லை. ‘உயர் அதிகாரி ஒருவர்’ என்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நாளைக்கு வரச் சொன்ன பெண்பிள்ளை. ‘வாசகர் ஒருவர்’ என்றால் சிவகாமி. எங்கள் பெடியன் சதுரங்கத்தில் கிண்ணம் வாங்கினால் ‘தமிழர் ஒருவர்’. அதே பெடியன் குடிவெறியில் கார் ஓட்டிப் பிடிபட்டால் ‘நபர் ஒருவர்’. அப்போது அவனுக்கு இனமும் கிடையாது, மொழியும் கிடையாது. கலியாணம் கட்டிய ஆண் எதிலாவது மாட்டிக்கொண்டால் ‘குடும்பஸ்தர் ஒருவர்’. தலைப்பில் குடும்பஸ்தர் என்று கண்டாலே, ஏதோ கூடாதது நடந்துவிட்டது என்று எங்கள் வாசகர் விளங்கிக்கொள்வார். யதுர்ஷா தேடிய விளக்கம் இவ்வளவுதான்.

‘பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர்’ என்பது தனி வகை. அப்படி ஒரு தமிழரை நான் இந்த நாட்டில் சந்தித்ததில்லை. எங்கள் ஆட்கள் தங்கள் பெயர் படத்தோடு வரவேண்டும், படம் பழையதாக இருக்கவேண்டும் என்று கேட்டுத் தொலைபேசி எடுப்பவர்கள். ஆகவே அந்த ஒருவர் அனேகமாக நான் குளிக்கும்போது யோசித்த ஏதோ ஒன்றாகத்தான் இருப்பார். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செய்தி எழுதுகிற எல்லோர் வீட்டிலும் தண்ணீர் வருகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒஸ்லோத் தமிழருக்கு ஒன்றும் நடப்பதில்லை. பொங்கல் விழாவுக்கு எல்லாரும் ஒரே மேடையில் ஒரே சால்வையை மாறி மாறிப் போர்த்துவார்கள். அதற்குப் பிறகு பனிதான். செய்தியே இல்லாத அப்படியொரு ஜனவரியில்தான் லண்டனில் கீர்த்தனன் என்பவர் ‘தேம்ஸ்முரசு’ என்று ஒன்றைத் தொடங்கினார். பெயரைப் பார்த்தாலே எங்கிருந்து உருவினார் என்று தெரியும். அவர் என் செய்தியை எடுத்துப் போடுவார். ரொறன்ரோவில் ஒரு தளம் அவரிடமிருந்து எடுத்துப் போடும். பிறகு வெஸ்ட்லித் தமிழ்க் கடையில் ஆட்கள் என்னிடமே வந்து, ‘அண்ணை, கனடாப் பேப்பரிலை வந்திருக்கு, உங்களுக்குத் தெரியாதோ’ என்று கேட்பார்கள். பெற்றவனிடமே பிள்ளையைக் காட்டி யார் என்று தெரியுமா என்று கேட்பதுபோல இருக்கும். உண்மையாகவே மனம் நொந்துபோனேன்.

எங்கள் ஆட்கள் எதை வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். முந்தைய வருடம் வேறொரு நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சிறுவர் நலன் அலுவலகம் விசாரித்தது என்று நாலு வரி போட்டேன். என் கைத்தொலைபேசி சுடத் தொடங்கிவிட்டது. கொழும்பில் ஆட்சி மாறினால்கூட அப்படி அழைப்பு வராது. பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் இங்கே ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டிபோல எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கிறது. யாருமே அதை நிறுத்துவதில்லை.

லதீசன் எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தவர். மரக்கறிக் களஞ்சியத்தில் வேலை. நல்ல மனிதர், லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மனைவி டிலக்சி. மகன் கவிசன் பாடசாலைக்குப் போகிறவன், சின்னவள் யாழ் முன்பள்ளியில். மாலையானால் லதீசன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்கும். வகுத்தல் கணக்கு வந்தால் கட்டாயம் ஒரு வசனம் வரும்: ‘இந்த முறையும் பிழைவிட்டியெண்டால் கொல்லுவன் உன்னை.’ பிறகு சிரிப்புச் சத்தம், பிறகு சாப்பாடு. என் அப்பாவும் இதையே ஒவ்வொரு நாளும் எனக்குச் சொன்னவர். அம்மா சோறு தீத்தும்போது சொன்னவர். தமிழில் அந்த வசனத்துக்கு என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியும், யதுர்ஷாவுக்கும் தெரியும்.

ஜனவரி கடைசியில் சிறுவர் நலன் அலுவலகத்துக்கு ஒருவர் எழுதினார். ஒரு தகப்பன் தன் மகனைப் பார்த்து ஒவ்வொரு நாளும் உன்னைக் கொல்லுவேன் என்று சொல்கிறார் என்பதை, நோர்வேஜிய மொழியில், சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சிரிப்புச் சத்தத்தை மட்டும் எழுதவில்லை, அது மொழிபெயர்ப்பில் வராது. அலுவலகம் தன் கடமையைச் செய்தது. கவிசனிடம், அப்பா உன்னைக் கொல்லுவேன் என்று சொல்வாரா என்று கேட்டார்கள். ஆம், ஒவ்வொரு நாளும் என்று அவன் சொன்னான். பொய் சொல்லக்கூடாது என்று வளர்த்த பிள்ளை. விசாரணை முடியும்வரை என்று சொல்லி இரண்டு பிள்ளைகளையும் வேறிடத்தில் வைத்தார்கள்.

செய்தியை முதலில் வெளியிட்டது பனிமுரசு. ‘வெஸ்ட்லியில் தமிழ்ச் சிறுவர் இருவர் பெற்றோரிடமிருந்து பிரிப்பு. ஒருவர் வழங்கிய தகவலே காரணம்.’ தகப்பன் என்ன சொன்னார் என்பதையும் மேற்கோள் குறிக்குள் போட்டேன். இதில் எங்கே பொய் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். அன்று தளத்துக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கீர்த்தனன் அரைமணி நேரத்தில் உருவிப் போட்டார். முதன்முறையாக, கீழே ‘நன்றி: பனிமுரசு’ என்று இருந்தது.

அதற்குப் பிறகு தொலைபேசி எடுத்த எல்லாரும் கேட்டது ஒன்றையேதான். யார் அந்த ஒருவர். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு செய்திக்குக் கேள்வி இருந்தால் அடுத்த செய்தி எழுதவேண்டும், அது தொழில். ஆகவே எழுதினேன்: ‘தகவல் வழங்கியவர் அந்தச் சிறுவர்களை அடிக்கடி காண்பவர் எனத் தெரியவருகிறது.’ இதுவும் உண்மைதான். நல்லாக யோசித்துத்தான் எழுதினேன்.

சத்தியபாமாவின் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். என்னிடமிருந்து வரவில்லை. சத்தியபாமா எங்கள் பகுதி முன்பள்ளியில் வேலை செய்தவர். யாழ் அந்த முன்பள்ளிப் பிள்ளை. அடிக்கடி காண்பவர் என்றால் வேறு யார் என்று வைபர் குழுவில் யாரோ கேட்டார். அடுத்த நாள் அது கேள்வியாக இல்லை.

சிவகாமியும் சத்தியபாமாவும் கூட்டாளிகள். ரயில் நிலையத்துக்கு ஒன்றாக நடப்பவர்கள், ஒருவர் வீட்டுக் கறி மற்றவர் வீட்டுக்குப் போகும். சிவகாமி என்னிடம் வந்து நின்றார்.

“உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு மட்டும் சொல்லுங்கோவன்.”

“செய்தி மூலத்தைச் சொல்லக்கூடாது.”

“பாமாவோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப அவதான்,” என்றார் சிவகாமி. அன்றிலிருந்து தனியாக நடந்து போனார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் சத்தியபாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையால் நேரே வந்திருந்தார். மேற்சட்டையில் ஏதோ ஒரு பிள்ளை ஒட்டிவிட்ட முயல் படம் இருந்தது. கதிரையின் நுனியில் இருந்தார். சிவகாமி குசினிக்குள் போனவர் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட்டது அன்றுதான், அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அண்ணை, நான் இல்லையெண்டு ஒருக்கா எழுதிவிடுங்கோ,” என்றார்.

“தங்கச்சி, உங்கட பேரை நான் எழுதவே இல்லையே. எழுதாத பேரை என்னண்டு இல்லையெண்டு எழுதுறது?”

“சனம் என்னைத்தான் சொல்லுது. கடையிலை முகத்தைத் திருப்புதுகள். மகள் சோபிகாவின்ரை அரங்கேற்றம் வருகுது, அண்ணை. அழைப்பெல்லாம் குடுத்திட்டம். பிள்ளை சின்ன வயசிலையிருந்து பழகினது.”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அவருக்கு உதவ விரும்பினேன், அதை நீங்கள் நம்பவேண்டும். நோர்வேப் பத்திரிகைகளின் ஒழுக்கக்கோவையில், ஒருவர்மேல் குற்றச்சாட்டு வந்தால் அவர் பதில் சொல்ல இடம் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. தமிழ் ஊடகங்களில் இதைக் கடைப்பிடிப்பது நான் ஒருவன்தான். அன்றே பதிவேற்றினேன்: ‘தகவல் வழங்கியதாகச் சந்தேகிக்கப்படும் முன்பள்ளி ஊழியர் ஒருவர் மறுப்பு.’ பெயர் போடவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றவில்லை.

ஆட்களின் குணம் விசித்திரம். மறுப்பு வந்ததும், சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கொஞ்சப்பேரும் நம்பிவிட்டார்கள். செய்யாதவர் ஏன் மறுக்கவேண்டும் என்று கேட்டார்கள். சத்தியபாமா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அரங்கேற்றம் மார்ச்சில் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் போனேன். ஊடகம் என்றால் இரண்டு பக்கத்தையும் பார்க்கவேண்டும். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச்செம்பு எல்லாம் இருந்தன, எடுக்க ஆள் இல்லை. பியோர்ண்டாலில் இருந்து வருவதாகச் சொன்ன சொந்தக்காரர் பாதை வழுக்குகிறது என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். அந்த நீளமான மண்டபத்தில் முன்பள்ளியில் வேலை செய்யும் நோர்வேஜியப் பெண்கள் மட்டும் நடுவரிசையில் நெருங்கி இருந்தார்கள். சிலர் சேலை உடுத்தி வந்திருந்தார்கள், யாரோ ஊசி குத்தி விட்டிருந்தார்கள். மிருதங்கக்காரர் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர். தொடங்குவதற்கு முன் என்னிடம் வந்து குனிந்து கேட்டார்.

“சார், ஃபங்ஷன் இன்னைக்குத்தானே? ஆடியன்ஸே காணோமே, டிராஃபிக் ஜாமா?”

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்வது.

சோபிகா ஆடினார். வர்ணத்தின் நடுவில், சேலையைச் சரிசெய்துகொண்டிருந்த அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்தபடி ஆடினார், வெற்றுக் கதிரைகளைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சன் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். முன்வரிசையில் இருந்த ஒரே தமிழர் நான்தான். கடைசியில் சத்தியபாமா என்னிடம் வந்து, ‘நீங்கள் ஒராளாவது வந்தியள், அண்ணை’ என்று சொல்லி என் கையைப் பிடித்தார். அவருடைய கை நல்ல குளிராக இருந்தது. நான் விமர்சனம் எழுதினேன், நல்ல விமர்சனம். மண்டபம் நிறையவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லவேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் மறைத்ததாகிவிடும்.

லதீசன் விசயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் போன பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. மேல்வீட்டில் சத்தமே இல்லை. மாலையில் கணக்குச் சத்தம் கேட்காதது முதலில் எனக்கு நித்திரைக்கு நல்லதாக இருந்தது, பிறகு அதுவே தொந்தரவாகிவிட்டது. அரங்கேற்றம் முடிந்து சில நாளில் என்னிடம் வந்தார். சவரம் செய்யாத முகம். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“அண்ணை, ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன். ஏன் சொன்னனியள் எண்டு கேக்கோணும், அவ்வளவுதான். எனக்குப் பிள்ளையள் வேணும்.”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொன்னது இதுதான்: “தம்பி, பேர் சொல்ல ஏலாது. நான் எழுதினதைத் திருப்பி ஒருக்கா வாசிச்சுப் பாரும். எல்லாம் அதிலை இருக்கு.”

அவர் வாசித்திருக்கிறார். அடுத்த நாள் வேலை முடிந்து வந்த சத்தியபாமாவை ரயில் நிலையப் படிகளில் மறித்தார். என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், நான் அங்கே இருக்கவில்லை. படிகளில் ஐஸ் இருந்தது. தள்ளினாரா, கையை உதறினாரா என்று நீதிமன்றம் சொல்லட்டும். சத்தியபாமா பின்தலை அடிபட விழுந்தார். மருத்துவமனையில் அவர் கண் விழிக்கவே இல்லை.

‘வெஸ்ட்லியில் குடும்பப் பெண் ஒருவர் உயிரிழப்பு. குடும்பஸ்தர் ஒருவர் கைது.’ ஒரே தலைப்பில் இரண்டையும் நான்தான் போட்டேன். மரண அறிவித்தலைப் பனிமுரசில் இலவசமாகப் போட்டேன். சோபிகா தந்த படத்தில் சத்தியபாமாவின் மேற்சட்டையில் ஒரு முயல் படம் இருந்தது. அது மரண அறிவித்தலுக்குப் பொருத்தமில்லை என்று வெட்டிவிட்டேன். இறுதிச் சடங்குக்கு அரங்கேற்றத்துக்கு வராத எல்லாரும் வந்தார்கள். மண்டபம் கொள்ளவில்லை. சிவகாமி எல்லாரையும்விட உரத்து அழுதார்.

பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். முதல் தடவையும் அதற்கடுத்த தடவைகளும் நான் மூலத்தை வெளியிட மறுத்தேன். நீங்கள் கோபப்படவில்லை, காப்பி தந்தீர்கள். தகவல் தந்தவரைக் காப்பாற்றுவது ஊடகவியலாளரின் உரிமை, இந்த நாட்டுச் சட்டமும் அதை மதிக்கிறது என்று நான் சொன்னபோது யதுர்ஷா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தகப்பன் மகனுக்குச் சொன்ன வசனத்தை அந்த ஒருவரிடமிருந்து எப்போது கேட்டறிந்தீர்கள் என்று அவர்தான் என்னிடம் தமிழில் கேட்டார். மொழிபெயர்ப்பவர் கேள்வி கேட்கக்கூடாது என்று நீங்கள் அவரைத் தடுத்தீர்கள். சரியாகத்தான் தடுத்தீர்கள்.

என்னை எழுதவைத்தது நீங்களோ யதுர்ஷாவோ அல்ல. தேம்ஸ்முரசு. சென்ற வாரம் கீர்த்தனன் ஒரு ‘பிரத்தியேகச் செய்தி’ போட்டார். ‘வெஸ்ட்லிப் பிள்ளைகள் விவகாரம்: தகவல் வழங்கியவர் எல்லிங்ஸ்ருட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனப் பெயர் குறிப்பிட விரும்பாத ஒருவர் எமக்குத் தெரிவித்தார்.’ லண்டனில் குளித்துக்கொண்டே இதை யோசித்திருக்கிறார். எந்தச் சரிபார்ப்பும் இல்லை. எல்லிங்ஸ்ருட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் வெளியே கடைக்குப் போகவேண்டாமா. ஊடகம் என்றால் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டும். எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது. பிழையான ஒரு செய்தியை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது.

ஆகவே திருத்தம் வருமாறு.

சிறுவர் நலன் அலுவலகத்துக்கு எழுதிய ஒருவர் நான். மேல்வீட்டில் அந்த வசனத்தை மாலையில் கேட்டேன், சோறு சாப்பிட்டேன், கணினியில் இருந்து எழுதினேன். பெயர் போடவில்லை. லதீசன் மகனுக்கு ஒரு தீங்கும் செய்யமாட்டார் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். ஒருவரும் பிள்ளைகளைக் கொண்டுபோகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அலுவலகத்திலிருந்து யாராவது வந்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், அது ஒரு தலைப்பு. அதற்கு மேல் போனது அவர்கள் கேட்ட கேள்வியாலும், அந்தப் பிள்ளை சொன்ன பதிலாலும். பிள்ளைகளை அடிக்கடி காண்பவர் என்று எழுதியதும் என்னைத்தான். லிப்டில் காணும்போதெல்லாம் யாழுக்கு நான் இனிப்புக் கொடுப்பேன். எனவே என் செய்திகள் எல்லாம் முழு உண்மை என்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். சத்தியபாமா என் வீட்டில் வந்து இருந்தபோதும், மண்டபத்தில் என் கையைப் பிடித்தபோதும், அவர் செய்யவில்லை என்று உலகத்தில் உறுதியாகத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். லதீசன் என் வாசலில் நின்று கேட்டபோது, அவர் தேடி வந்த ஆளிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் மாறிவிட்டது. அதற்காக நான் வருந்துகிறேன்.

ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். சத்தியபாமாவின் பெயரைப் பனிமுரசில் நான் எழுதியது ஒரே ஒரு முறை, மரண அறிவித்தலில். அதிலும் எழுத்துப்பிழை இல்லை.

ஒரு கோரிக்கை உண்டு. இது நீதிமன்றத்துக்குப் போகும்போது நோர்வேப் பத்திரிகைகள் எழுதும், கீர்த்தனனும் எழுதுவார். என் பெயரைப் போடவேண்டாம் என்று நீங்கள் அவர்களிடம் சொல்லவேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. சிவகாமி ரயில் நிலையத்துக்குத் தனியாக நடந்து போகிறவர், தமிழ்க் கடைக்குப் போகிறவர். சனம் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்திரிகைகளுக்குக் கஷ்டம் வேண்டாம் என்று தலைப்பையும் நானே எழுதி வைத்திருக்கிறேன்: ‘வெஸ்ட்லி மாடிக் கட்டடத்தைச் சேர்ந்த குடும்பஸ்தர் ஒருவர் ஒப்புதல்.’ எங்கள் கட்டடத்தில் தமிழ்க் குடும்பஸ்தர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். ஒருவர் என்று மட்டும் போட்டால் யாருக்கும் ஒரு பாதிப்பும் வராது.